காணாதவர்க்குக் காட்டிய குரல்: சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் தமிழ் வர்ணனையும்

(போடிநாயக்கனூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கும் கல்விக்கும் உரிய மேடை இது. இதில் ஒரு விளையாட்டு வர்ணனையாளரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

2020 டிசம்பர் 22 அன்று சென்னையில் கிரிக்கெட் வர்ணனையாளர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தம் 81ஆம் வயதில் காலமானார். கொரோனா நம்மை வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்த ஆண்டு. ஒரு தலைமுறையே காது கொடுத்துக் கேட்ட மனிதருக்கு ஊர் கூடி அஞ்சலி செலுத்த வழியில்லை. தெரிந்தவர்கள் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் துக்கம் கேட்டுக்கொண்டோம். அப்போது செய்ய முடியாமல் போனதை இன்று உங்கள் முன்னால் செய்ய நினைக்கிறேன்.

அவருடைய குரல் கணீரென்று இருக்கும், தமிழ் ஆற்றொழுக்காக வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. என் மனத்தில் அவற்றுக்கும் மேலாக நிற்பது வேறொன்று. ஆட்டத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதைக் காட்டியே ஆக வேண்டும் என்பதை அவர் தம் கடமையாக ஏற்றிருந்தார். மைதானத்துக்குப் போகக் காசில்லாதவர், நேரமில்லாதவர், கண்ணை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டவர், கண்பார்வையே இல்லாதவர் என்று நான்கு வகையினர் இருக்கிறார்கள். வானொலி வர்ணனை இந்த நால்வரின் சொத்து. இந்த அவையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகையில் வளர்ந்தவர்கள். ஏலக்காயோடு வாழ்ந்தவர்களுக்குக் கண் எப்போதும் காயின் மேல்தான். காது மட்டும்தான் ஓய்வாக இருந்தது. அந்தக் காதுக்குப் பேசிய மனிதரை நினைக்க இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

நாடகம் தந்த குரல்

சாத்தான்குளம் தேரி மணலும் பனையுமான தென்பாண்டிச் சீமை. அந்தப் பக்கத்து மக்களுக்குக் கடல் தாண்டி இலங்கைக்குப் போய்ப் பிழைப்பது வழக்கமான காரியம். ஜப்பாரின் இளமையிலும் இலங்கை உண்டு. இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களில் குரல் கொடுத்துப் பழகியவர் அவர். பிறகு இங்கே வந்து அகில இந்திய வானொலியின் நாடகங்களில் நடித்தார். கிரிக்கெட் வர்ணனைக்கு அவர் வந்தது அதற்கும் பிறகுதான்.

இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். ஆங்கில வர்ணனைக்கு இங்கே ஆடியவர்களே வந்து உட்கார்ந்ததுண்டு. 1954-55 பருவத்தில் ரஞ்சிக் கோப்பையை முதன்முதலில் சென்னை அணிக்கு வென்று தந்த தலைவர் பாலு அழகண்ணன் பின்னாளில் வானொலியில் புகழ்பெற்ற ஆங்கில வர்ணனையாளராக இருந்தார். தமிழ் வர்ணனை வேறு வீட்டிலிருந்து வந்தது. ஜப்பார் நாடக நடிகர். அவரோடு நாம் கேட்ட கூத்தபிரான் நாடக ஆசிரியர், குழந்தைகள் நிகழ்ச்சியில் ‘வானொலி அண்ணா’வாக வீடுதோறும் புகுந்தவர், 2014இல் மறைந்தார். ஆட்டத்தின் நுணுக்கத்தைப் பிறகு கற்றுக்கொண்டார்கள். முகம் தெரியாத ஒருவருக்குக் குரலால் மட்டுமே ஓர் இடத்தைக் கட்டி எழுப்பும் வித்தை அவர்களிடம் முன்பே இருந்தது.

வானொலி நாடகத்தில் திரைச்சீலை கிடையாது, ஒப்பனை கிடையாது. ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறார் என்பதைக் கதவின் ஓசையும் குரலின் தூரமும்தான் சொல்ல வேண்டும். ஒலிவாங்கிக்கு ஒரு சாண் விலகிப் பேசினால் அறையின் மறுமூலையில் நிற்பவர். நெருங்கிப் பேசினால் காதோடு ரகசியம் சொல்பவர். எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பார்கள். வர்ணனைக்கு மட்டும் தாளும் இல்லை, ஒத்திகையும் இல்லை. கையில் எழுதிய வசனம் இல்லாமல் நாள் முழுக்க நடத்தும் நாடகம் அது.

உலகின் பெரிய வர்ணனையாளர்களிடமும் இந்தக் குணத்தைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் ஜான் ஆர்லட் போலீஸ்காரராக இருந்தவர், கவிஞர். 1946இல் இந்திய அணியின் சுற்றுப்பயணத்தோடு பிபிசியில் கிரிக்கெட் வர்ணனையைத் தொடங்கினார். 1980 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் தம் கடைசி டெஸ்ட் வர்ணனையை முடித்தபோது விடைபெறும் சொல் ஒன்றுகூடச் சொல்லவில்லை. தமக்குப் பின் பேச வருகிறவர்களின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்தார். மைதானத்தில் அறிவிப்பு வந்ததும் ஆடிக்கொண்டிருந்த வீரர்களே நின்று கைதட்டினார்கள். கேட்பவர் காத்திருப்பது ஆட்டத்துக்காக, தமக்காக அல்ல என்ற தெளிவு அவருக்குக் கடைசி நிமிடம்வரை இருந்தது.

ஒரு பந்துக்குள் இருக்கும் வேலை

மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் கையிலிருந்து புறப்படும் பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை விநாடி ஆகும். அந்த அரை விநாடியில் நீளமான வாக்கியம் எதுவும் சொல்ல முடியாது. பந்து வீச்சாளர் ஓடத் தொடங்கும்போதே சொல்லத் தொடங்கி, களத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைச் செருகி, பந்து வீசப்படும் கணத்தில் குரலை அதன் மேல் ஏற்றி, மட்டையில் பட்டதும் எந்தத் திசைக்குப் போகிறது என்று சொல்லி, அது நிற்கும் இடத்தில் தானும் நிற்க வேண்டும். இத்தனையும் முடிந்த பின்தான் கைதட்டல் சத்தம் கேட்பவருக்குப் பொருள்படும். வர்ணனையாளர் ஒரு விநாடி பிந்தினால் கூட்டத்தின் ஆரவாரம் முந்திக்கொண்டு செய்தியைச் சொல்லிவிடும். அவர் சொல்லித்தான் தெரிய வேண்டியது அதற்கு முன்பே தெரிந்துவிட்டால் அங்கே அவருக்கு வேலை இல்லை.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. வேகமான ஆட்டத்துக்கு இது தடை என்று தொடக்கத்தில் சிலர் நினைத்தார்கள். நல்ல வர்ணனையாளர் கையில் இதுவே வரமாயிற்று. உயரத் தூக்கி அடித்த பந்து, மேலே மேலே போகிறது, கீழே ஆள் ஓடி வருகிறார், பந்துக்கு அடியில் வந்துவிட்டார், இரண்டு கையையும் ஏந்துகிறார், பிடித்து... இதுவரை வந்த பிறகும் கேட்பவருக்கு முடிவு தெரியாது. ‘விட்டார்’ என்று முடியலாம். ‘நழுவ விட்டார்’ என்றும் முடியலாம். அந்த ஒரு சொல்லுக்காகத் தேநீர்க் கடையில் கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆங்கிலத்தைப் பெயர்த்துச் சொல்லியிருந்தால் இது கிடைத்திருக்காது. தமிழிலேயே நினைத்து, தமிழிலேயே பார்த்துச் சொன்னதால் கிடைத்தது.

அடுத்தது ஓட்ட எண்ணிக்கை. மைதானத்தில் இருப்பவருக்குப் பலகை இருக்கிறது. வானொலி கேட்பவருக்கு அது இல்லை. அவர் எப்போது ரேடியோவைத் திருப்புவார் என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் தம் மேசையில் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றை வைத்திருந்தார். மணல் கீழே இறங்கியதும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எண்ணிக்கையைச் சொல்வார். இப்போதுதான் வந்து சேர்ந்த மனிதரை மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பெரிய கலைஞர் செய்துகொண்ட ஏற்பாடு. கஞ்சி குடித்துவிட்டு வந்து பெட்டியைத் திருப்பும் தொழிலாளிக்கும் இதே மரியாதையை நம் தமிழ் வர்ணனையாளர்கள் தந்தார்கள். ஓவருக்கு ஓவர் எண்ணிக்கை வந்துகொண்டே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே நேர்மை. தொலைக்காட்சியில் வர்ணனையாளர் தவறாகச் சொன்னால் நம் கண்ணே திருத்திவிடும். வானொலியில் கேட்பவருக்கு வேறு சாட்சி இல்லை. நம் வீரர் கைக்கு வந்த பந்தை விட்டால் விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். எதிரணி வீரர் அழகாக ஆடினால் அந்த அழகையும் சொல்லியாக வேண்டும். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டம் எடுத்தும் இந்தியா 12 ஓட்டத்தில் பாகிஸ்தானிடம் தோற்றது. மைதானம் முழுவதும் எழுந்து நின்று வென்ற அணிக்குக் கைதட்டியது. மைதானத்தைச் சுற்றி நன்றி சொல்லி வந்தார்கள் அந்த வீரர்கள். அந்தப் பண்பு ஒரே நாளில் முளைத்ததல்ல. எதிராளியின் ஆட்டத்தையும் குறைக்காமல் சொன்ன குரல்களைப் பல ஆண்டு கேட்டு வளர்ந்த காதுகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏலமலையில் ரேடியோ

இங்குள்ள மாணவர்களுக்காக ஏலத்தோட்ட வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விடியும் முன்னே போடியிலிருந்து ஜீப் ஏறி, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் இறங்கி நடப்பார்கள். ஏலக்காய் உச்சியில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையோடு படரும் சரங்களில் காய்க்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் பறிக்க வேண்டும். பிஞ்சைத் தொடக் கூடாது. முற்றிய காயை விட்டுவிடவும் கூடாது. மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறுவதுகூடத் தெரியாமல் கண் சரத்திலேயே இருக்கும். பறித்த காயை அன்றே ஸ்டோருக்குக் கொண்டுவந்து எடை போட்டு, விறகு நெருப்பின் சூட்டில் உலர்த்த வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் காய் போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ உலர்ந்த காய் வரும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் காய் கெட்டுவிடும். இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். பிறகு போடிக்கு வந்தால் முறத்திலும் மேசையிலும் பரப்பிப் பெண்கள் கையால் தரம் பிரிப்பார்கள். அதற்கும் கண்தான் வேண்டும்.

இந்த வேலைகளில் எதைச் செய்துகொண்டும் தொலைக்காட்சி பார்க்க முடியாது. வானொலி கேட்கலாம். மின்சாரம் வராத காலத்திலேயே டிரான்சிஸ்டர் மலையேறிவிட்டதற்கு இதுதான் காரணம்.

மதுரைக்கு வானொலி நிலையம் 1987இல்தான் வந்தது. அதற்கு முன்னால் திருச்சி, திருநெல்வேலி, சென்னை, இலங்கை என்று முள்ளைத் திருகிக்கொண்டிருப்போம். மலை மடிப்புக்குள் அலை சரியாக எட்டாது. டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் ஏரியல் கம்பி திசை பார்த்து வாங்கும் தன்மை உடையது. அதனால் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து, எந்தக் கோணத்தில் குரல் தெளிகிறதோ அந்தக் கோணத்தில் காய் மூட்டை மேல் சாய்த்து வைப்பார்கள். அதற்குப் பிறகு அந்த மூட்டையை யாரும் தொடக் கூடாது.

நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். என் தகப்பனார் ஸ்டோரில் வேலை பார்த்தார். 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை மாலை, சேப்பாக்கத்தில் இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட் ஆட்டத்தின் ஐந்தாம் நாள். எங்கள் ஸ்டோரில் அப்போதுதான் காய் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே சாரல். பெண்கள் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ரேடியோவில் சென்னை வெயில். அதே ஆட்டத்தில் டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ஓட்டம் எடுத்து, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டதை நாங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு கேட்டிருந்தோம். ஜெயிக்க 348 வேண்டும். கடைசி ஓவரில் நான்கு ஓட்டம் தேவை. ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று எடுத்துச் சமன் செய்தார். இனி ஒரே ஓட்டம். மட்டையோடு மணிந்தர் சிங். என் தகப்பனார் தராசைப் பிடித்து நிறுத்திவிட்டார். கிரெக் மேத்யூஸ் வீசிய ஐந்தாம் பந்து காலில் பட்டது, நடுவர் கையைத் தூக்கினார். ஆட்டம் சமன்.

வரிசையில் நின்ற ஓர் அக்கா என்னைக் கேட்டார்: “யாரு தம்பி ஜெயிச்சது?”

“யாரும் ஜெயிக்கலக்கா. ரெண்டு பக்கமும் ஒரே ரன்னு.”

“தோக்கவும் இல்லியா?”

“இல்லக்கா.”

“நல்லதாப் போச்சு. அஞ்சு நாளாப் பாடுபட்ட புள்ளைக, ரெண்டு பக்கமும் மனசு நோகாமப் போகட்டும்.”

கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டிராதவர் அவர். சேப்பாக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த ஐந்து நாள் பாடு அவருக்கு விளங்கியிருந்தது. வானொலிக் குரல் மட்டுமே அதை அவரிடம் கொண்டு சேர்த்திருந்தது. வர்ணனை என்ற கலைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி டெஸ்ட் நடத்துவது அப்போது வழக்கம். ஆடி ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை மாதத்தில் ஓய்கிற நேரமும் அதுதான். கையில் கொஞ்சம் காசு, மனத்தில் கொஞ்சம் நிம்மதி, ரேடியோவில் சென்னை ஆட்டம். 1982 பொங்கலுக்கு விஸ்வநாத் 222 ஓட்டம் எடுத்தார். 1988 பொங்கலுக்கு நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே 136 ஓட்டம் கொடுத்து 16 விக்கெட் வீழ்த்தி மேற்கிந்தியத் தீவுகளைச் சாய்த்தார். சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் தமிழில் வர்ணனை உண்டு என்பதால் அந்தப் பொங்கல்கள் எங்களுக்கு இரட்டைப் பண்டிகை. மலையில் ஆங்கிலமும் இந்தியும் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள்தாம். தமிழ் வர்ணனை வந்த பிறகுதான் பறிப்புக்குப் போகும் பெண்களும் ஆட்டத்துக்குள் வந்தார்கள்.

கடல் தாண்டிய கேட்பவர்கள்

ஜப்பாரின் குரல் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. வானொலி அலைக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. ஈழத்தில் அவருக்கு அன்பான கேட்பவர்கள் இருந்தார்கள். லண்டனிலிருந்து ஒலிபரப்பான ஐபிசி தமிழ் வானொலி வழியாகப் புலம்பெயர்ந்த தமிழரும் அவரைக் கேட்டார்கள். 2002இல் அமைதிப் பேச்சின் காலத்தில் வன்னிக்குச் சென்றுவந்த அனுபவத்தை ‘அழைத்தார் பிரபாகரன்’ என்ற நூலாக எழுதினார். அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள். கிரிக்கெட் வர்ணனையால் அறிமுகமான ஒரு மனிதரை, போர் தின்ற நிலத்தில் இருந்தவர்கள் தங்கள் வீட்டு மனிதராக நினைத்தார்கள். பதுங்கு குழிக்கும் அகதி முகாமுக்கும் போகும்போது கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே பெட்டி டிரான்சிஸ்டர்தான். அதில் வரும் குரல் வெறும் பொழுதுபோக்காக அவர்களுக்கு இருந்திருக்க முடியாது.

பார்ப்பவருக்கு மட்டும் போதுமா?

பின்னாளில் ஜப்பார் தொலைக்காட்சியிலும் வர்ணனை செய்தார். 2017இல் தமிழுக்கென்றே தனி விளையாட்டு அலைவரிசை வந்தது. இன்று தமிழில் வர்ணனை செய்பவர்கள் நிறையப் பேர். முன்னாள் வீரர்கள் நுணுக்கம் சொல்கிறார்கள், இளைஞர்கள் கலகலப்பாகப் பேசுகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. தமிழில் கிரிக்கெட் சொல்ல முடியுமா என்று கேட்ட காலம் ஒழிந்தது. அதை ஒழித்தவர்களில் ஜப்பாரும் ஒருவர்.

ஆனால் தொலைக்காட்சி வர்ணனை பார்ப்பவருக்கானது. படம் காட்டுவதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் பேச்சு ஆட்டத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. அடுத்த அறையில் சமைத்துக்கொண்டே கேட்பவருக்கு என்ன நடந்தது என்று விளங்காது. தரம் பிரிக்கும் கூடத்தில் அலைபேசியை ஓரமாக வைத்துக் கேட்கும் பெண்ணுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கும். பந்து எங்கே போனது என்பது தெரியாது. நான் சொன்ன நால்வகைக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேசுபவர்கள் குறைந்துவிட்டார்கள்.

நான்காம் வகையினரைத் தனியே சொல்ல வேண்டும். பார்வையற்றோருக்கான முதல் கிரிக்கெட் உலகக் கோப்பை 1998இல் புது தில்லியில் நடந்தது. அவர்கள் ஆடும் பந்துக்குள் கலகலக்கும் குண்டுகள் இருக்கும். தரையோடு உருண்டு வரும் பந்தின் சத்தத்தைக் கேட்டு அடிப்பார்கள். அணியில் நான்கு பேராவது முழுமையாகப் பார்வை இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. காதாலேயே கிரிக்கெட் ஆடுபவர்கள் நாட்டில் இருக்கும்போது காதுக்கான வர்ணனையை நாம் கைவிடுவது நியாயமில்லை.

பார்ப்பவருக்கும்கூட நல்ல வர்ணனை தேவைப்பட்டது. 67 பருவங்கள் ஒரே பேஸ்பால் அணிக்கு வர்ணனை செய்த வின் ஸ்கல்லி 2022இல் மறைந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மைதானத்துக்கு வரும் மக்களே டிரான்சிஸ்டரைக் கையோடு கொண்டுவருவார்கள். கண்ணால் பார்ப்பதை அவர் வாயாலும் கேட்க வேண்டும் அவர்களுக்கு. சேப்பாக்கத்தின் கேலரியிலும் காதோடு டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தவர்கள் இருந்தார்கள். பரந்த மைதானத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையே ஒரு நல்ல குரல் சொல்லிக் கொடுத்தது.

நாம் செய்ய வேண்டியவை

நினைவுகூர்வது என்றால் படத்துக்கு மாலை போடுவதோடு முடிவதில்லை. மூன்று காரியங்களை இந்த அவை முன் வைக்கிறேன்.

முதலாவது, அந்தக் குரல்களைத் தேடிச் சேர்ப்பது. நேரலை வர்ணனை காற்றோடு போகிற கலை. ஒலிநாடா விலை கூடுதலாக இருந்த காலத்தில் பதிந்ததன் மேலேயே மறுபடி பதிவது வானொலி நிலையங்களில் நடைமுறை. நிலையங்களின் அலமாரியில் எஞ்சியிருப்பதை எண்ணிம வடிவத்துக்கு மாற்றி எல்லாரும் கேட்கும்படி வைக்க வேண்டும் என்று பிரசார் பாரதியை நாம் கேட்க வேண்டும். வீடுகளிலும் இருக்கும். டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவர்கள் ரேடியோவின் பக்கத்தில் வைத்துக் கேசட்டில் பதிந்த காலம் அது. பரணில் கிடக்கும் கேசட்டை எடைக்குப் போடும் முன் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். உள்ளே ஒரு பொங்கல் டெஸ்ட் இருக்கலாம்.

இரண்டாவது, வானொலியில் தமிழ் வர்ணனை முறையாகத் தொடர வேண்டும். நாட்டு முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் நேரலையைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆட்டம் பணம் கட்டுபவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் உரியது என்பதே அதன் அடிப்படை. எல்லாருக்கும் என்றால் அவரவர் மொழியில் கேட்பதும் அதில் சேரும். தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை 1954-55இலும், சேப்பாக்கத்தில் ரயில்வே அணியைத் தோற்கடித்த 1987-88இலும் என இரண்டே முறைதான் வென்றிருக்கிறது. மூன்றாம் முறை வெல்லும் நாளில் அதை ஒரு தமிழ்க் குரல் வானொலியில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

மூன்றாவது நம் கையிலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கபடிப் போட்டி நடக்காத ஊர் இல்லை. கோயில் திருவிழாவில் இரவெல்லாம் விளக்குப் போட்டு ஆடுகிறார்கள். மைக்கைப் பிடித்து ஒரு தம்பி பேசிக்கொண்டே இருக்கிறார். அவர்தான் ஜப்பாரின் வாரிசு. அதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நன்கொடையாளர் பெயரைப் படிப்பதோடு நிற்காமல், பாடிப் போகிறவர் எந்தப் பக்கம் போகிறார், யார் கணுக்காலைப் பிடித்தார்கள், கோட்டைத் தொட எத்தனை விரல்கிடை இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். கூட்டத்தின் பின்வரிசையில் நின்று தலைகளை மட்டுமே பார்க்கும் பாட்டிக்கும், வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கேட்கும் தாத்தாவுக்கும் ஆட்டம் போய்ச் சேரும். ஏலத்தோட்ட விவசாயிகள் சங்கமே முன்நின்று கல்லூரி கண்ட ஊர் இது. இங்கே படிக்கும் பிள்ளைகள் தமிழ் மன்றத்தில் பட்டிமன்றத்துக்குப் பழகுவதோடு வர்ணனைக்கும் பழகலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்காரட்டும். மற்றவர் மைதானத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கட்டை அவிழ்த்த பிறகு, கேட்டதும் பார்ப்பதும் பொருந்துகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பொருந்தினால் நீங்கள் வர்ணனையாளர்.

சாத்தான்குளத்துக்காரர் ஒருவர் நாடகத்தில் பழகிய குரலோடு வந்து, தமக்கு முகமே தெரியாத இலட்சக்கணக்கானவர்களைத் தம்மோடு மைதானத்துக்கு அழைத்துப் போனார். பார்க்க முடியாதவருக்கும் பார்ப்பவரோடு சமமான இடம் உண்டு என்று தம் தொழிலால் நிறுவினார். பணத்தாலும் பார்வையாலும் வேலையாலும் வெளியே நிற்கிற ஒருவரை உள்ளே சேர்த்துக்கொள்வதற்கு அவர் செலவிட்டதெல்லாம் நல்ல தமிழும் கவனமும்தான். அந்த இரண்டையும் செலவிட நம்மாலும் முடியும். அடுத்த திருவிழாவுக்கே தொடங்கிவிடுவோம்.